ஆச்சியோட காதை மாத்துனது யாரு

எங்க வீட்டு முன் ரூம்ல டிவிக்கு மேல ஆச்சி படம் மாட்டியிருக்கும். 2011ல ஆச்சி தவறுனப்ப, பதினாறாம் நாளுக்குள்ள வேணும்னு அவசர அவசரமா கோவில்பட்டியில ஒரு ஸ்டுடியோவுல குடுத்துப் பெருசு பண்ணி வாங்குனது. சுத்தி சீரியல் பல்பு, கண்ணாடி மேல சந்தனம் குங்குமம், வெள்ளிக்கிழமையானா ஒரு முழம் பூ. படத்துல ஆச்சி மெரூன் கலர் பட்டுச்சேலை கட்டியிருப்பாங்க, காதுல சின்னதா கல் வச்ச கம்மல். அப்ப நான் நாலாப்பு. அதுக்கப்புறம் அந்தப் படத்தைப் பாத்துப் பாத்தே வளந்ததால ஆச்சின்னா எனக்கு அந்த முகம்தான்னு ஆயிடுச்சு, அவங்க தாத்தா போனதுக்கப்புறம் ஒரு நாள்கூட கலர் சேலை கட்டுனதில்லைங்கிறதும், ரவிக்கை போடாம வெள்ளைச் சேலையை மட்டும் சுத்திட்டு திண்ணையில உக்காந்து தீப்பெட்டி ஒட்டிட்டே இருப்பாங்கங்கிறதும் மனசுல எங்கயோ பின்னாடி போயிடுச்சு.

இப்ப நான் சென்னை கவின் கலைக் கல்லூரியில பெயிண்டிங் கடைசி வருஷம். கடைசி வருஷத்துக்கு ஒரு சீரிஸ் பண்ணணும், நான் எங்க குடும்பத்து முகங்களை வரையப்போறேன்னு எழுதிக் குடுத்தேன். காரணம் ரொம்ப சிம்பிள். மூணு வருஷமா சென்ட்ரல் ஸ்டேஷன்லயும் எழும்பூர் ஸ்டேஷன்லயும் தூங்குறவங்க, ட்ரெயினுக்குக் காத்திருக்கிறவங்க, மூட்டை மேல சாஞ்சு கெடக்கிறவங்கன்னு யாரோ எவரோ முகத்தையெல்லாம் நூத்துக்கணக்குல ஸ்கெட்ச் பண்ணியாச்சு, எங்க அப்பா முகத்தை ஒரு தடவைகூட முன்னாடி உக்காந்து பாத்து வரைஞ்சதில்ல. இது ஒருநாள் பஸ்ல போறப்ப திடீர்னு தோணுச்சு, தோணுனதுல இருந்து அது உறுத்திட்டே இருந்துச்சு.

முதல்ல ஆச்சியில ஆரம்பிக்கலாம்னு நினைச்சேன். வீட்டுக்குப் போய் அந்த ஸ்டுடியோ படத்தை போன்ல எடுத்துட்டு வந்து, கட்டம் போட்டு, மூணுக்கு ரெண்டு அடி கேன்வாஸ்ல பெருசு பண்ணி, பட்டுச்சேலை சரிகையெல்லாம் எல்லோ ஓக்கர்ல பளபளன்னு கொண்டுவந்து மூணு வாரம் உயிரைக் குடுத்து வேலை பாத்தேன். எங்க சார் வந்தார், ரொம்ப நேரம் பாத்தார். "சேலை நல்லா வந்திருக்கு. ஆனா இந்தக் காது இந்தத் தலையோடது இல்லையேம்மா"ன்னார்.

நான் வரைஞ்சதுல தப்புன்னு நினைச்சு அளந்து பாத்தேன். பொதுவா நேராப் பாக்குற முகத்துல காதோட மேல்விளிம்பு புருவத்துக்கு நேராவும் அடி மூக்கு நுனிக்கு நேராவும் வரும், வயசாக ஆக காது கொஞ்சம் தொங்கும், அதனால கெழவிங்களுக்கு இன்னும் கீழதான் இறங்கணும். இந்தப் படத்துல அடி மூக்குப் பாதியிலயே நின்னுடுச்சு. நான் போட்ட கட்டம் சரி, போட்டோவுலயே அப்படித்தான் இருக்கு. யாரோ ஒரு சின்ன வயசுப் பொண்ணோட காதை எங்க ஆச்சி தலையில ஒட்டியிருக்காங்க. பத்து வருஷத்துக்கு மேல தினமும் பாத்த படம், எனக்குத் தெரியல.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. ஆச்சிக்கு வளத்த காது. எங்க பக்கத்துல, திருநெல்வேலி தூத்துக்குடி சைடுல, அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு சின்ன வயசுலயே காதைக் குத்தி, ஓட்டையில பஞ்சைத் திணிச்சு, அப்புறம் ஓலையைச் சுருட்டி வச்சு, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டி, கொஞ்சம் கொஞ்சமா வெயிட்டை ஏத்தி தோளைத் தொடுற மாதிரி இழுத்து வளப்பாங்க. அதுலதான் பாம்படம் போடுறது. உள்ள அரக்கு, மேல தங்கத் தகடு, கட்டம் கட்டமா உருண்டை உருண்டையா ஒரு கோபுரத்தைச் சின்னதாக்குன மாதிரி இருக்கும். மதுரைப் பக்கம் தண்டட்டின்னு இன்னொரு வகை. ஆனா நான் பாத்த ஆச்சி காதுல பாம்படம் இருந்ததே இல்ல, வெறும் காது, நீளமா, வளையம் மாதிரி. நான் அதுக்குள்ள விரலை விட்டு விளையாடுவேன், "ஏட்டி விடுட்டி, பிஞ்சிரும்"னு சொல்வாங்களே தவிர தட்டிவிட மாட்டாங்க.

ஸ்டுடியோக்காரர் மேல எனக்கு வந்த கோவம் இருக்கே. எங்க ஆச்சியை மாத்த இவர் யாருன்னு. லீவுக்கு ஊருக்குப் போனதும் நேரா அங்கதான் போனேன்.

கோவில்பட்டி படத்துக்குப் புதுசான ஊர் இல்ல. காலண்டர்ல நாம பாக்குற சாமி முகம் பாதி அங்க பொறந்ததுதான். கொண்டையராஜு (1898–1976) எங்க காலேஜ்ல, அப்ப அது மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ், படிச்சவர், நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைஞ்சிட்டு இருந்து 1940கள்ல கோவில்பட்டியிலேயே தங்கிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோன்னு வச்சு அவரும் அவர் சிஷ்யப் பிள்ளைங்களும் வரைஞ்ச லட்சுமியும் முருகனும் சிவகாசியில அச்சாகி ஊர் ஊரா வீட்டுச் சுவருக்குப் போச்சு. 1850ல அலெக்சாண்டர் ஹன்டர்ங்கிற டாக்டர் ஆரம்பிச்ச அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் எங்க ஊரு தீப்பெட்டி ஆபிஸ் சுவத்துல தொங்குற காலண்டருக்கும் இப்படி ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா நான் ரெண்டுக்கும் நடுவுலதான் ட்ரெயின் ஏறிப் போய்ட்டு வந்துட்டு இருக்கேன்.

நான் போன ஸ்டுடியோ அதெல்லாம் இல்ல, சாதாரணக் கடை. அண்ணாச்சிக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். நெகட்டிவ்ல பென்சிலை ஊசி மாதிரி சீவி டச்சிங் பண்ணிப் பழகுனவர், கருப்பு வெள்ளைப் படத்துக்கு பிரஷ்ல கலர் குடுத்தவர், அப்புறம் கம்ப்யூட்டர். நான் கோவமாத்தான் கேட்டேன். அவர் கோவப்படல. "தாயி, புருஷன் பொண்டாட்டி சேர்ந்து ஒரு போட்டோகூட எடுத்திருக்க மாட்டாங்க, ரெண்டு தனித்தனிப் படத்தைக் கொண்டாந்து பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடுங்கம்பாங்க. மூடுன கண்ணைத் தொறந்து குடுங்கம்பாங்க. சேலை, கோட்டு, நகை எல்லாம் கம்ப்யூட்டர்ல ரெடியா கெடக்கும், முகத்தை மட்டும் வெட்டி ஒட்டுறது. அழுதுட்டு வந்து நிக்கிறவங்க கேக்குறதை மாட்டேன்னு எப்படிச் சொல்ல"ன்னார். காதை நாங்களா மாத்த மாட்டோம், கேட்டாத்தான் மாத்துவோம்னும் சொன்னார். பழைய பைல் எதுவும் அவர்கிட்ட இல்ல, ஒரிஜினல் போட்டோ முதியோர் பென்ஷனுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ், அதையும் எங்க வீட்லயே யாரும் பத்திரப்படுத்தல.

கேட்டாத்தான் மாத்துவோம். அப்ப கேட்டது யாரு?

அதை அப்படியே விட்டுட்டு நான் உயிரோட இருக்கிறவங்களை வரைய ஆரம்பிச்சேன், வரைஞ்சுட்டு இருந்தா கை ஓடும். முதல்ல அத்தை. அப்பாவுக்கு மூத்தவங்க. கரித்துண்டு, பெரிய பேப்பர், வாசல் வெளிச்சம். ஆளைப் பாத்து வரையிறதுல ஒரு விஷயம், உக்காந்திருக்கிறவங்க முதல் பத்து நிமிஷம் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி விறைப்பா இருப்பாங்க, அதுக்கப்புறம் மறந்துட்டுப் பேச ஆரம்பிப்பாங்க, பேசுனா வாய் போயிடும், கன்னம் போயிடும், புருவம் மேலயும் கீழயும் போகும், எல்லாத்தையும் அழிச்சு அழிச்சுப் போடணும். காது மட்டும் அசையாது. அதனால நான் காதுல இருந்து ஆரம்பிச்சு வெளிய வர்ற பழக்கம் வச்சுக்கிட்டேன். அத்தை காதோட மேல்மடிப்பு வித்தியாசமா உள்பக்கம் சுருண்டிருக்கும். எனக்கும் அப்படித்தான், கண்ணாடியில பாத்துக்கிட்டேன். அப்பாவுக்கும். அப்ப ஆச்சிக்கும் மேல அப்படித்தான் இருந்திருக்கணும். கீழ் காதுதான் யாருக்கும் வராது, அது பொறக்கிறப்ப வர்றது இல்ல, ஒருத்தங்க கையால வளத்தது.

நாலாவது நாள்தான் கேட்டேன். "அத்தை, ஆச்சி படத்துல காதை மாத்தச் சொன்னது யாரு?"

அத்தை கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உங்கப்பன்தான்"னாங்க.

அப்பா டீச்சர் ட்ரெயினிங் சேர்றதுக்கு ஆச்சி பாம்படத்தை வித்துதான் பணம் கட்டுனாங்களாம். இது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. வேலை கிடைச்சதும் திருப்பிச் செஞ்சு போடுறேன்னு அப்பா சொல்லியிருக்கார். வேலை கிடைச்சுச்சு, அதுக்குள்ள தாத்தா போய்ட்டார், கடன், சின்ன அத்தை கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாத்துறது, அப்புறம் நாங்க. தங்கம் விலையோ நிக்காம ஏறிட்டே போச்சு. ஒரு தடவை கம்மல் வாங்கிட்டு வந்தாராம், அது அந்தக் காதுல எப்படி நிக்கும். ஆஸ்பத்திரியில காதைத் தைச்சு சின்னதாக்கிடலாம், இப்ப எல்லாரும் செய்றாங்கன்னு யாரோ சொல்ல, அப்பா கூட்டிட்டுப் போறேன்னு நின்னிருக்கார். ஆச்சி ஒரே வார்த்தைதான், "எங்கம்மா வளத்த காதுய்யா, இதைப் போய்த் தைக்கவா." அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. பதினாறாம் நாளைக்கு படம் பண்றப்ப அப்பா ஸ்டுடியோவுல, "காதை மட்டும் சரி பண்ணிருங்க, வர்றவங்க எல்லாம் அதைத்தான் பாப்பாங்க"ன்னு சொன்னாராம்.

நான் அன்னிக்கு மேற்கொண்டு வரையல. அந்த ஸ்டுடியோ அண்ணாச்சிகிட்ட நான் பேசுன தோரணையை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டப்படுது, மறுநாள் போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்தேன்.

இனி என்ன வரையிறதுங்கிறதுதான் பெரிய பிரச்சனை ஆச்சு. காதைத் திருப்பி வச்சா அப்பாவைக் காட்டிக் குடுக்கிற மாதிரி, வைக்காட்டி ஆச்சி இல்ல. வச்சாலும் எப்படி வைக்கிறது. ரெஃபரன்ஸ் தேடுறப்ப எட்கர் தர்ஸ்டன் புத்தகங்களைப் பாத்தேன். எழும்பூர் மியூசியத்துக்கு 1885ல இருந்து சூப்பரின்டென்டன்ட்டா இருந்தவர், காலிப்பரை வச்சு ஆட்களோட மண்டையையும் மூக்கையும் அளந்து ஜாதி ஜாதியா எழுதுனவர். 1906ல வந்த அவர் புத்தகத்துல உடம்பைச் சிதைச்சுக்கிறதைப் பத்தின அத்தியாயத்துலதான் காது வளக்கிறதும் வருது. அந்த மாதிரி காலனி காலத்துப் படங்கள்ல காது தெளிவா இருக்கும், ரொம்பத் தெளிவா, ஆனா அந்தப் பொம்பளை பேரு என்ன, யாரோட அம்மா, ஒண்ணும் இருக்காது. காதைக் காட்டுறதுக்காக ஒரு ஆளை நிறுத்தியிருக்காங்க. எங்க காலேஜ்ல இருந்து நடந்து போற தூரத்துலதான் அந்த மியூசியம், அந்த ரோட்டுல நடந்து வர்றப்ப எனக்கு ஒரே பயம், நானும் அதையே செஞ்சுருவேனோன்னு. கிராமத்துக் கெழவி, நீளக் காது, சுருக்கம், எக்ஸிபிஷன்ல நல்லா எடுபடும். அப்படி எடுபடுற படத்தை நான் வரையவே கூடாதுன்னு முடிவு பண்ணேன்.

அந்த நாட்கள்ல என்னைப் பிடிச்சு நிறுத்துனது ரெண்டு விஷயம். ஒண்ணு, எகிப்துல ஃபாயும் பக்கம் கிடைச்ச முகங்கள், கி.பி. 1ல இருந்து 3ஆம் நூற்றாண்டு வரைக்கும், மரப்பலகையில, நிறைய தேன்மெழுகுல கலர் கலந்து வரைஞ்சு செத்தவங்க முகத்து மேலயே வச்சுக் கட்டியிருக்காங்க. அதுல பொம்பளைங்க காதுல தொங்குற முத்தை ஒவ்வொண்ணா அக்கறையா வரைஞ்சிருக்கான் அந்தப் பேர் தெரியாத ஓவியன். நாம செத்தவங்க படத்துல நகை வச்சுப் பாக்குறது ஒண்ணும் கேவலம் இல்லன்னு எனக்கு அதைப் பாத்துத்தான் தோணுச்சு. எல்லா ஊர்லயும் மனுசன் அதைத்தான் ஆசைப்பட்டிருக்கான்.

இன்னொண்ணு ஜெர்மன் ஓவியர் ட்யூரர் அவர் அம்மாவை வரைஞ்சது. 1514, மார்ச் மாசம், கரியில. அந்த அம்மாவுக்கு 63 வயசு, பெத்தது 18, வளந்து ஆளானது மூணே பேர். எலும்பு துருத்திட்டு இருக்கும், ஒரு கண்ணு கொஞ்சம் வெளிய பாக்கும், கழுத்து நரம்பு கயிறு மாதிரி. எதையும் சரி பண்ணல, எதையும் பெருசாக்கிக் காட்டவும் இல்ல. மேல கரியிலயே, இது ஆல்பிரெக்ட் ட்யூரரோட அம்மா, வயசு 63ன்னு எழுதியிருக்கார். ரெண்டு மாசத்துல, மே மாசம், அந்த அம்மா போய்ட்டாங்க, அவங்க செத்த நேரத்தை அதே பேப்பர்ல மையில எழுதி வச்சிருக்கார். அந்தக் கரி எழுத்துக்கும் மை எழுத்துக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு மாசத்தை நான் ரொம்ப நாள் நினைச்சிட்டே இருந்தேன். என்கிட்ட அந்த மாதிரி ஒரு பேப்பர் இல்ல. நாலாப்புப் பிள்ளைக்கு எங்க தெரியும்.

இருந்தது ஒரே ஒரு கல்யாண குரூப் போட்டோ. சின்ன அத்தை கல்யாணம், 1994. கடைசி வரிசையில ஓரத்துல ஆச்சி, முகம் என் சுண்டுவிரல் நகம் அளவுதான், ஒரு காது யாரோ தோளுக்குப் பின்னாடி மறைஞ்சிருச்சு, இன்னொண்ணு தெரியுது. லென்ஸ் வச்சுப் பாத்தா நாலஞ்சு புள்ளி, அவ்வளவுதான். இந்த மாதிரி தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல டிஜிட்டல் பண்ணி வச்சிருக்காங்க, பாத்தா தெரியும், ஸ்டுடியோவுக்குப் போய் நடுவுல உக்காந்து எடுத்துக்க வசதி இருந்தவங்க அதுல எவ்வளவு கம்பீரமா இருப்பாங்கன்னு. எங்க ஆச்சி எப்பவும் ஓரம்.

ஊர்ல இன்னும் வெறும் காதோட ரெண்டு மூணு பாட்டிங்க இருக்காங்க. பஸ் ஸ்டாப் பக்கத்து வேப்பமரத்தடியில உக்காந்திருக்கிற ஒரு பாட்டிகிட்ட கேட்டு, அவங்க பேரை முதல்ல பேப்பர்ல எழுதிட்டு, அப்புறம்தான் வரைஞ்சேன். வரைஞ்சதையும் அவங்ககிட்டயே குடுத்துட்டேன், எனக்கு வேண்டியது கையில ஏறிடுச்சு. நம்ம ஓவியர் ஆதிமூலம் 1969ல காந்தி நூற்றாண்டுக்காக காந்தியைக் கோட்டுலயே திரும்பத் திரும்ப வரைஞ்சாரே, ஒரே ஆளு, ஒவ்வொண்ணுலயும் வேற கோடு, அதைப் பாத்துத்தான் நானும் ஆச்சியை வெறும் கோட்டுல ஒரு நாற்பது தடவை போட்டிருப்பேன், போட்டோவைப் பாக்காம. முப்பதுக்கு மேல போறப்பதான் கை தானா ஒரு விஷயத்தைக் கொண்டுவந்துச்சு, ஆச்சி தலையை எப்பவும் லேசா இடது பக்கம் சாய்ச்சிருப்பாங்க. தீப்பெட்டி ஒட்டி ஒட்டி வந்த சாய்வு. எந்தப் படத்துலயும் அது இல்ல.

அப்புறம் புது கேன்வாஸ். இந்தத் தடவை வீட்டு மாடியிலயே, கோடை லீவுல. அடியில பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பு கலரை மெல்லிசா பூசிக் காயவிட்டு மேல வேலை. ஸ்கின் கலர்னு ட்யூப்ல விக்கிறது எங்க வீட்ல யார் தோலும் இல்ல, நான் அதை வாங்குறதை ரெண்டாவது வருஷமே விட்டுட்டேன். பர்ன்ட் அம்பர், கொஞ்சம் கிரிம்சன், நிழலுக்கு அல்ட்ராமரைன். கருத்த தோல்ல வானத்து வெளிச்சம் பட்டா நெத்தியில நீலமா ஒரு சாம்பல் வரும், அதை வெள்ளையைக் கலந்து போட்டா முகம் மாவு பூசுன மாதிரி செத்துப்போயிடும், வெள்ளையைத் தொடாமலேயே கொண்டுவரணும். வெள்ளைச் சேலையில இருந்து தாடைக்குக் கீழ ஒரு வெளிச்சம் ஏறி வரும், அது வந்ததும் ஆச்சி திண்ணைக்கு வந்துட்டாங்க. விரல் நுனியில காஞ்ச மைதாப் பசை, மயில்துத்தம் கலந்த பசை, வெள்ளை வெள்ளையா உரியும், அதையும் வச்சேன்.

காதுலதான் மாட்டிக்கிட்டேன். ஓட்டையை முதல்ல கருப்பா போட்டேன், பாத்தா புண்ணு மாதிரி இருக்கு. அழிச்சுட்டு மறுபடி போட்டேன், மறுபடி புண்ணு. ரெண்டு நாள் கழிச்சுதான் புத்தியில பட்டுச்சு, ஓட்டைக்குள்ள கருப்பு எங்க இருக்கு, அதுக்குள்ள தெரியிறது ஆச்சி கழுத்து, அதுக்குக் கீழ கொஞ்சம் சேலை. ஓட்டைன்னு தனியா ஒண்ணு வரைய வேண்டாம், கழுத்தை ஒழுங்கா வரைஞ்சு அதைச் சுத்தி ஒரு மெல்லிசான சதைக் கயிறு விட்டாப் போதும். அப்படி விட்டதும் அது காது ஆயிடுச்சு.

அப்பாகிட்ட நான் எதுவும் சொல்லல. அத்தை சொன்னாங்களான்னும் தெரியல. ஒரு நாள் சாயங்காலம் ஸ்கூல்ல ஏதோ வேலை முடிச்சுட்டு வந்தவர் சட்டைகூட மாத்தாம மாடிக்கு வந்துட்டார். எனக்கு கை நடுங்கிடுச்சு, படத்தை மறைக்கவும் முடியாது, பெயிண்ட் ஈரம். அப்பா படத்துக்கு முன்னாடி நின்னார். மெதுவா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டார். கீழ டீ ஆறுதுன்னு அம்மா ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, ரெண்டு பேருமே பதில் சொல்லல.

"இவ்ளோ சின்னதா இருக்காதும்மா"ன்னார்.

நான் புரியாம பாத்தேன்.

"காது. அவ்வளவுதான்னு நெனைச்சுட்டியா. பாம்படம் போட்டிருந்தப்ப சைக்கிள்ல பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டு வருவேன், பள்ளத்துல எறங்குனா அது ஆடுற சத்தம் எனக்குக் கேக்கும். கழட்டுனதுக்கப்புறமும் காது அப்படியேதான் தொங்கிட்டு இருந்துச்சு, ஏறவே இல்ல. இங்க வரைக்கும் வரும்"னு சொல்லி தன் கழுத்துல ஒரு இடத்தைக் காட்டுனார், தோளுக்கு மேல மூணு விரல்கடை இருக்கும்.

"எங்கப்பா? சரியா காட்டுங்க"ன்னேன்.

பக்கத்துல இருந்த பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு வெளிச்சத்தைப் பாத்து உக்காந்தார். தலையை லேசா இடது பக்கம் சாய்ச்சு, நான் சொல்லவே இல்ல, அவராத்தான் சாய்ச்சார், ஆள்காட்டி விரலை கழுத்துல அந்த இடத்துல வச்சுக்கிட்டார். "என் கழுத்தும் அம்மா கழுத்து மாதிரிதான் இருக்கும், அளந்துக்கோ." நான் பிரஷ் கட்டையை நீட்டி அளந்தேன், ஈரத்துணியை எடுத்து அந்தச் சதைக் கயிறு அடியைத் துடைச்சு, கழுத்தைக் கீழ கொண்டுவந்து, மறுபடி போட்டேன். வெளிச்சம் போயிட்டே இருந்துச்சு, போதும்ப்பா கையை எடுங்கன்னேன், நீ முடின்னார், நான் முடிக்கிற வரைக்கும் விரலை எடுக்கல.